ஹம்பிக்கு முன்னால் ஒரு ஷூ டப்பா

பெங்களூரில் மழை விட்டுக் குளிர் எட்டிப் பார்த்தாலே பள்ளிக்கூடங்களுக்கு டூர் ஜுரம் வந்துவிடும். நம்ம வீட்டுக்கும் சுற்றறிக்கை வந்தாச்சு. ஏழாம் வகுப்பு, ஹம்பி, போக ஒரு ராத்திரி பஸ், வர ஒரு ராத்திரி பஸ், நடுவில் ஒரே ஒரு பகல். அந்தப் பகலில் பார்க்க வேண்டிய இடங்கள் பதினான்கு! தொப்பி, தண்ணி பாட்டில், வாந்தி மாத்திரை, அப்பா அம்மா கையெழுத்து என்று ஒன்றரைப் பக்கத்துக்கு லிஸ்ட். தங்கமணி உடனே கடைக்குக் கிளம்பிவிட்டார். பையைத் தயார் பண்ணச் சொல்கிறார்கள், சரி. பிள்ளையைத் தயார் பண்ண ஒருத்தரும் சொல்லக் காணோமே என்பதுதான் என் புலம்பல்.

ஹம்பியைச் சும்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் வெறும் கல்லுதாங்க தெரியும். 1565ல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் சூறையாடப்பட்டு, கைவிடப்பட்ட தலைநகரம் அது. அரண்மனைகளின் மரவேலை எல்லாம் எரிந்துபோய் அடிமேடை மட்டும் மிச்சம். மொட்டை வெயிலில் ஒரு மேடையைக் காட்டி "இதுதான் அரண்மனை" என்றால் பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? செல்ஃபி எடுக்கும். அதையாவது எடுக்கட்டும். 2019 பிப்ரவரியில் அங்கே ஒரு கோயிலின் தூணைச் சில இளைஞர்கள் விளையாட்டாகத் தள்ளிச் சாய்த்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோர்ட் ஆளுக்கு 70 ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டு, தூணை அவர்களையே திரும்ப நிறுத்த வைத்தது. நல்ல தண்டனை. ஆனால் அந்தத் தூணை நிறுத்த ஒரு காலத்தில் எத்தனை பேர் மூச்சுப் பிடித்திருப்பார்கள் என்று முன்னமே யாராவது சொல்லியிருந்தால் கை போயிருக்காது என்று இன்னமும் நினைக்கிறேன். (அப்பாவின்னு சொல்றீங்களா? சொல்லிக்கோங்க.)

பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஒரு ஷூ டப்பா போதும். விரூபாக்ஷர் கோயிலில் கருவறைக்குப் பின்பக்கம் ஒரு இருட்டறை. ஒன்பது நிலை ராஜகோபுரத்தின் வெளிச்சம் சின்ன ஓட்டை வழியாக வந்து எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். வழிகாட்டிகள் அதை ஏதோ மாயம் மாதிரி காட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் அறிவியல் வாத்தியார் டப்பாவில் ஊசித்துளை போட்டு, எதிர்ப்பக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டி, ஜன்னலை அதில் தலைகீழாகக் காட்டட்டும். அப்புறம் பாருங்கள், அந்த அறைக்குள் நுழைந்ததும் வழிகாட்டி வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் கத்துவார்கள்.

அடுத்து தண்ணி. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோங்க. அரண்மனை வளாகத்தில் கருங்கல்லில் கட்டம் கட்டமாக இறங்கும் ஒரு படிக்குளம், 1980களில்தான் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். கற்களை உற்றுப் பார்த்தால் கொத்தர்கள் போட்ட அடையாளக் குறிகள் தெரியும். எந்தப் பக்கம், எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று. வேறெங்கோ செதுக்கி, குறி போட்டுக் கொண்டுவந்து இங்கே கோர்த்திருக்கிறார்கள். நம்ம வீட்டு அலமாரியைப் பிரித்துக் கொண்டுவந்து நம்பர் பார்த்துப் பூட்டுகிற அதே வேலை! குளத்துக்குத் தண்ணி வந்த கல் வாய்க்கால் கல்தூண்கள் மேலேயே நடந்து வருகிறது. வறண்ட பாறைக்காட்டில் ஒரு தலைநகரத்துக்கே தண்ணி எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினால் போதும், பதிலைப் பிள்ளைகளே தேடி அலைவார்கள். துங்கபத்திரையிலிருந்து ராயர்கள் வெட்டிய கால்வாய்களில் சிலது இன்றைக்கும் அங்கே வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் லாரிக்கு வாளியோடு காத்திருந்த பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இது சரித்திரப் பாடமாகத் தோன்றாது.

தமிழ் வீடுகளில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஹம்பி ஏதோ கன்னடத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நம்மாட்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கடுப்பாகும். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எல்லாரும் விஜயநகரத்துக்குக் கீழே ஆரம்பித்தவர்கள்தானே? திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாகப் பாடியதும் அவரே. எங்க திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் கோயிலில் சிலைகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றவர்கள், விட்டலர் கோயிலில் நுழைந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி உணர்வார்கள். நம்ம வாண்டு வாராவாரம் பாட்டு டீச்சரிடம் சரளி வரிசை படிக்கிறாள். அந்தப் பாடமுறையை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் பெயரில் அங்கே ஆற்றோரம் ஒரு மண்டபமே இருக்கிறது. சுற்றறிக்கையின் பதினான்கில் அது இல்லை!

பதினான்கை ஐந்தாக வெட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. முதலில் கமலாபுரம் அருங்காட்சியகம். முற்றத்தில் ஹம்பி முழுவதையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி வந்தாலே மலை எங்கே, ஆறு எங்கே, கோட்டை எங்கே என்று பிடிபட்டுவிடும். அப்புறம் படிக்குளமும் மகாநவமி மேடையும், விட்டலர் கோயில், புரந்தரர் மண்டபம், விரூபாக்ஷர். தாமரை மகால், யானைக் கொட்டாரம் எல்லாம் விட்டுப் போகுமே என்றால், போகட்டும். பெரியவர்களானதும் அவர்களே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.

வகுப்பில் படித்துக் காட்ட 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஊர் ரோமாபுரி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது என்கிறார், கடைத்தெருவில் விற்ற வைரங்களைப் பற்றிச் சொல்கிறார். ராபர்ட் சிவெல் 1900ல் போட்ட புத்தகத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும், இணையத்தில் இலவசம். நாலு பக்கம் படிக்க அரை மணி நேரம்.

ஆற்றைப் பற்றி மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். 2024 டிசம்பரில் முருடேஸ்வரம் கடலில், கோலார் மாவட்டத்திலிருந்து டூர் வந்த நான்கு மாணவிகள் மூழ்கி இறந்தார்கள். துங்கபத்திரை பார்க்கச் சாதுவாக இருக்கும். பாறை இடுக்கில் சுழல், ஊருக்கு மேலே அணை. காலை நனைக்கிறேன் என்று ஒரு பிள்ளை இறங்கினால் பின்னாலேயே பத்து இறங்கும். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், ஆற்றோரம் யார் எங்கே நிற்பார், பரிசல் உண்டா இல்லையா என்பதெல்லாம் கிளம்பும் முன்பே தாளில் எழுத்தாக வர வேண்டும். வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ராத்திரி பஸ்ஸும் அப்படியே. கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, பகலில் இடம் இடமாக இறக்கி ஏற்றி, மறுபடி ராத்திரி அதே டிரைவர் என்றால் அவர் எப்போது தூங்குவார்? மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகப் போகும் ஹம்பி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி பதின்மூன்று கிலோமீட்டர்தான். உள்ளூர் பஸ் ஒன்றை ஒரு பகலுக்கு அமர்த்திக்கொள்ளலாம். டிக்கெட் மட்டும் முன்கூட்டியே போட வேண்டும், டூர் சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.