மணல் கணக்கில் விடுபடும் மீன்

கரை அரிப்பு பற்றிய நம் பேச்சு ஆற்றில் தொடங்கித் துறைமுகத்தில் முடிந்துவிடுகிறது. அணை மணலை நிறுத்துகிறது. தூண்டில் வளைவு ஓர் ஊரைக் காத்து அடுத்த ஊரை அரிக்க விடுகிறது. சோழமண்டலக் கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அங்குள்ள மணலில் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்தது. ஆறே இல்லாத பவளத் தீவுக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் பிழை. அங்கே மணல் வந்து சேர்வதில்லை, அங்கேயே உற்பத்தியாகிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி கிறிஸ் பெர்ரி குழுவினர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, புதிதாக உருவாகும் மணலில் சுமார் 85 விழுக்காடு கிளிமீன்களின் கழிவு. சுமார் 10 விழுக்காடு ஹலிமெடா என்னும் சுண்ணாம்புப் பாசி தருவது. பாறையில் ஒட்டிய பாசிக்காகக் கிளிமீன் சுண்ணாம்பையும் சேர்த்துக் கடிக்கிறது. தொண்டைப் பற்களால் அரைத்து மணலாக வெளியேற்றுகிறது. மீன் வளர வளர ஒவ்வொரு கடியும் பன்மடங்கு பெரிதாகிறது. ஆகவே எத்தனை மீன் என்பதைவிட எவ்வளவு பெரிய மீன் என்பதே மணலைத் தீர்மானிக்கிறது. வலையும் ஈட்டியும் முதலில் எடுப்பதோ அந்தப் பெரிய மீன்களைத்தான்.

மீன் கடித்தால் பாறை தேயுமே, அதைக் காப்பது எப்படிக் கரையைக் காப்பதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேய்மானம் உண்மை, ஆனால் கடி பெரும்பாலும் இறந்த பவளத்தின் மேல் விழுகிறது, பாசி அகன்ற இடத்தில் இளம் பவளம் ஒட்டுகிறது. பாறை வளரும் வேகம் தேயும் வேகத்தை மிஞ்சும் வரை மணல் வட்டி போன்றது. வெளிறல் நிகழ்ந்து பவளம் மடிந்தால் நிலைமை தலைகீழ்: கடிக்க இறந்த பரப்பு கூடுவதால் சில ஆண்டுகளுக்கு மணல் பெருகக்கூட வாய்ப்புண்டு. அதைப் பார்த்துத் தீவு நலமாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது, அப்போது கரைவது வட்டியல்ல, அசல். மணல் உண்டானாலும் அலையும் நீரோட்டமும்தானே அதைக் கரை சேர்க்க வேண்டும் என்ற பொறியாளரின் மறுப்பும் சரியே. அந்தக் கணிப்பை நாம் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறோம். வரவு எங்கிருந்து என்பதைத்தான் விட்டுவிடுகிறோம்.

மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போயின. சுருங்கிவந்த வான் தீவின் முன் செயற்கைத் திட்டுகள் போடப்பட்டன. அலையின் வேகத்தைக் குறைக்க அவை உதவும். மணலை உண்டாக்கும் உயிர்கள் குடியேறும் வரை புது வரவு தரா. பெலீசு 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது, பவளத்தைப் பாசியிலிருந்து காக்க. பவளத் தீவுகளில் அதே தடைக்குக் கரைப் பாதுகாப்புத் திட்டத்திலும் இடம் உண்டு. அது மீனவரின் வலையைத் தொடும் என்பதால், முழுத் தடைக்கு முன் பெரிய மீன்களுக்கான அளவு வரம்பை அவர்களோடு பேசி முடிவு செய்வது நல்லது. பவளத் தீவுகளின் மணல் வரவுசெலவு பற்றி இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் இனி கிளிமீன்களின் நீள அளவுகளும் ஹலிமெடாவின் பரப்பும் இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறோம்.