தேதி முடிந்த தயிர்: மாமியார் கட்சியா, மருமகள் கட்சியா?

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கமிருந்து என்னிடம் வைத்தியத்துக்கு வரும் குடும்பம் அது. போன மாதம் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பஞ்சாயத்து!

"பாக்கெட்ல போட்ட தேதி நேத்தோட முடிஞ்சுடுத்து டாக்டர். குழந்தைக்கு எப்படிக் குடுக்கறது?" என்றார் மருமகள்.

"தயிருக்கு ஏது டாக்டர் தேதி? புளிச்சா மோர்க்குழம்பு வைக்கறது. சிங்க்ல கொட்டுவாளா யாராவது?" என்றார் மாமியார்.

இந்த வழக்கு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அதனால் தீர்ப்பை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாமியார் கட்சி. 'பிணி அணுகா விதி'யில் தேரையர், முதல் நாள் சமைத்த கறி வேண்டாம் என்கிறார். அதே பாட்டில் நன்கு முதிர்ந்த தயிரை உண்ணலாம் என்கிறார். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எனக்கு இது புதிராக இருந்தது. நேற்றைய கறி ஆகாது, நேற்றைய தயிர் மட்டும் ஆகுமா?

ஆகும். காரணம், புளிப்பு! பாலில் உள்ள சர்க்கரையை உறையிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கினால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை பெருக முடியாமல் திணறும். ஃபிரிட்ஜுக்குள்ளும் புளிப்பு மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆக, புளித்தது வேறு, கெட்டது வேறு. மேலே தெளிநீர் நிற்பதும் கெட்டதற்கு அடையாளமல்ல.

இனி மருமகள் கட்சி. புளிப்புக்கு அஞ்சாத ஆசாமிகளும் உண்டு. பூசணமும் ஈஸ்ட்டும் அமிலத்திலேயே செழித்து வளரும். 2013-ல் அமெரிக்காவில் சோபானி என்ற நிறுவனம், மியூக்கர் என்ற பூசணம் காரணமாகத் தன் தயிர்க் கிண்ணங்களைத் திரும்பப் பெற்றது. கிண்ணங்கள் உப்பியிருந்ததாகப் புகார் வந்தது. அவற்றில் போட்டிருந்த தேதிகள் செப்டம்பர் 11 முதல் அக்டோபர் 7 வரை. திரும்பப் பெற்றதோ செப்டம்பர் 5! பார்த்தீர்களா, தேதி முடியும் முன்பே கெட்டிருக்கிறது.

2023 மார்ச்சில், தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று அச்சிடச் சொன்னதும் தமிழ்நாடே எதிர்த்தது. மார்ச் 30-ம் தேதி உத்தரவு திருத்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அதே பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் தேதியையும், குளிரில் வைக்கவும் என்ற வரியையும் நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை ருசியும் தரமும் குறையாது என்று அர்த்தம். 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்றால் அதற்குமேல் கடையில் விற்கவே கூடாது. 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள்படி இந்த இரண்டாவது தேதிதான் கட்டாயம்.

எந்தத் தேதியானாலும், பாக்கெட் தொடர்ந்து குளிரில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கடை வாசலில் டப்பில் கிடந்த நேரம், மின்வெட்டு, சாம்பார்க் கரண்டியைத் தயிரில் விட்டது... இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியுமா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அடையாறிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. தேதி முடிந்து மூன்று நாளான தயிரைச் சாப்பிடலாமா என்று கேட்டார். "தயிர்தானே, ஒண்ணும் பண்ணாது சார்" என்று சொல்லிவிட்டேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அது பிரித்த பாக்கெட், பாதி நாள் மேஜை மேலேயே இருந்திருக்கிறது. அன்றிரவு வாந்தி, பேதி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். தயிர்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் பதில் சொன்னது என் தவறு.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்:

பிரிக்காத பாக்கெட், விடாமல் ஃபிரிட்ஜில் இருந்தது, புளிப்பைத் தவிர வேறு மாற்றமில்லை என்றால், 'பெஸ்ட் பிஃபோர்' தேதி ஓரிரு நாள் தாண்டியதற்காக ஆரோக்கியமான பெரியவர்கள் பயப்பட வேண்டாம். பித்த உடம்புக்காரர்களுக்கு மட்டும் அதிகப் புளிப்பு நெஞ்செரிச்சல் தரும். 'எக்ஸ்பைரி' தாண்டியதைச் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எந்தத் தேதி முடிந்திருந்தாலும் தொட வேண்டாம்.

பாக்கெட் உப்பியிருந்தாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ தேதியைப் பார்க்காமல் கொட்டுங்கள். பூசணத்தை மேலாக வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடுவது தப்பு. கெட்ட தயிரை மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தாலும் அது நல்ல தயிராகாது.

மயிலாப்பூர் பாக்கெட்டில் இருந்தது 'யூஸ் பை'. குழந்தை விஷயத்தில் மருமகளுக்கே ஜெயம். மாமியாருக்கு வருத்தம்தான். "அப்போ இனிமே ஆத்துலயே உறை ஊத்திடறேன்" என்று எழுந்தார்.

அதைவிட நல்ல தீர்ப்பு எனக்கும் தெரியவில்லை. பாலை நன்றாகக் காய்ச்சி, ஆறவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் உறை ஊற்றுங்கள். மீந்தால்தானே பஞ்சாயத்து!