செவிவழி வரும் அச்சம்

கண்ணால் காணும் பொருளைக் கண்டு அஞ்சுதல் இயல்பு. காணாத பொருளின் ஒலியைக் கேட்டு அஞ்சும் அச்சமோ அதனினும் பெரிது. தாம்பரத்தில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். இருப்புப் பாதையில் செல்லும் வண்டி பகலில் எத்தனை முறை கூவினும் நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. அதே கூவல், தெருவிளக்கு அணைந்த மார்கழி நள்ளிரவில் கேட்குமாயின் நெஞ்சு ஒரு கணம் துணுக்குறுகிறது. வண்டியும் அதுவே, ஒலியும் அதுவே. சூழல் மாறியதனால் ஒலியின் பொருள் மாறிவிட்டது. மர்மப் படத்துக்கு இசை அமைப்போர் கையாளும் நுட்பம் இதுவேயாகும்.

ஒலிக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவைப் பண்டைத் தமிழர் அறியாதவர் அல்லர். மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால் பிறக்கும் என்றார். (இறை என்பதனுள் ஆசிரியரையும் உரைகாரர் அடக்குவர், மாணவர் இதற்கு நகைத்தல் வேண்டா.) ஐந்திணைக்கும் தனித்தனியே பறையும் யாழும் பண்ணும் வகுத்த நம் முன்னோர், வழிப்போக்கர் கள்வருக்கு அஞ்சும் பாலை நிலத்துக்குத் துடி என்னும் பறையை உரியதாக்கினர்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 1954ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்தார் ‘அந்த நாள்’ என்னும் படத்தை வெளியிட்டனர். சென்னை நகரின்மீது சப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களே கதை நிகழும் காலம். வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஐயத்துக்கு உரியவர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு கதை கூறுகின்றனர். அகிரா குரோசாவா என்னும் சப்பானிய இயக்குநர் 1950இல் எடுத்த ‘ராசோமான்’ என்னும் படமே இந்த அமைப்புக்குத் தூண்டுகோல். கொலையுண்டவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கொன்றவர் யார் என்பதை ஈண்டு உரையேன்; படத்தைப் பாராத மாணவர் என்னைப் பொறுக்கமாட்டார்.

அப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை, ஆடலும் இல்லை. பத்துப்பாட்டைப் படியாதவரும் பத்துப் பாட்டுக் கேளாமல் கொட்டகையை விட்டு எழாத காலம் அது! பாட்டை விலக்கியவர் யார்? இசையறியாத ஒருவரா? அல்லர். பின்னாளில் வீணைக் கலைஞராக உலகப் புகழ் பெற்ற எஸ். பாலசந்தரே அப்படத்தின் இயக்குநர். இசையின் ஆற்றலை அறிந்தவர் ஆதலின், அஃது எங்கே கதையைக் கெடுக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். துப்பறியும் அதிகாரி வினவிக்கொண்டிருக்கிறார். நம் உள்ளம் சான்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்நேரத்தில் தலைவி பூங்காவில் நான்கு நிமிடம் ஆடிப் பாடினால், இறுகிவந்த முடிச்சுத் தளர்ந்துபோகாதா? பாட்டு நீங்கியதே அன்றி இசை நீங்கவில்லை. பின்னணியில் அஃது உண்டு. படம் முதலில் வெளிவந்தபோது வருவாய் குறைவே. எனினும் நடுவண் அரசின் தகுதிச் சான்று அதற்குக் கிட்டியது. இன்றும் அறிவுடையோர் அதனைப் பேசுகின்றனர்.

ஆயின், பாட்டு எப்போதும் மர்மத்துக்குப் பகை என்று கூறுதலும் பொருந்தாது. கோவலனையும் மாதவியையும் பிரித்தது கானல்வரிப் பாட்டன்றோ? 1964இல் வந்த ‘புதிய பறவை’ படத்தில், தன்னை முன்பு பார்த்த நினைவு இல்லையோ என வினவும் பாட்டு ஒன்று, மகிழ்ச்சியாக ஒருமுறையும் துயரமாக ஒருமுறையும் வருகிறது. விசுவநாதன் – இராமமூர்த்தி இசையில் சுசீலா பாடியது. முதலில் இனித்த மெட்டே பின்னர் நம்மைக் கலங்க வைக்கிறது.

மேலைநாட்டில் ஆல்பிரட் இட்ச்காக் என்னும் இயக்குநர் 1960இல் ‘சைக்கோ’ என்னும் படத்தை எடுத்தார். குளியலறையில் நிகழும் கொலைக்கு இசையே வேண்டா என்பது அவர் முதலில் கொண்ட கருத்து. இசையமைப்பாளர் பெர்னார்டு எர்மன் அக்காட்சிக்கும் இசை அமைத்துக் காட்டவே, இயக்குநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்படம் முழுமைக்கும் நரம்புக் கருவிகள் மட்டுமே; முரசும் இல்லை, குழலும் இல்லை. மூன்றாண்டு கழித்து அதே இயக்குநர் எடுத்த ‘பறவைகள்’ என்னும் படத்திலோ பின்னணி இசையே கிடையாது. பள்ளிக்கூடத்தினுள் சிறுவர் சேர்ந்து பாடுகின்றனர். வெளியே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னே, விளையாட்டுத் திடலின் கம்பிகளில் ஒரு காக்கை வந்து அமர்கிறது. பின்னும் சில வருகின்றன. அவள் திரும்பிப் பார்க்கும்போது கம்பி எல்லாம் காக்கை! அதுவரை சிறுவர் பாட்டு நிற்கவேயில்லை. குழந்தைகளின் பாட்டைக் கேட்டு மெய் நடுங்க வைத்த வித்தையை என்னென்பது!

இக்காலத்து மர்மப் படங்கள் பலவற்றில் கதவு திறந்தாலும் முழக்கம். பூனை தாவினாலும் முழக்கம். கொட்டகைச் சுவரெங்கும் ஒலிபெருக்கிகள் இருப்பதனால், நாற்காலியும் உடன் அதிர்கிறது. ‘அதுதானே, ஐயா, திகில்!’ என்று இளைஞர் என்னிடம் வாதிடுவதுண்டு. திடுக்கிடல் வேறு, அஞ்சுதல் வேறு. காதருகே பட்டாசு வெடித்தாலும் உடம்பு திடுக்கிடும்; அதற்குக் கலை வேண்டுவதில்லை. அன்றியும், ஒன்றுமில்லாத இடத்தில் முழங்கும் இசை பொய்ச்சான்று கூறுவதாகும். 1975இல் வந்த ‘சாஸ்’ என்னும் சுறாமீன் படத்தில், ஜான் வில்லியம்சு இரண்டே சுரங்களை மாறி மாறி ஒலிக்கச் செய்து சுறாவின் வருகையை உணர்த்தினார். அப்படத்தில் சிறுவர் இருவர் பொய்த் துடுப்பைக் காட்டிக் கடற்கரை மக்களை ஏய்க்கும்போது அச்சுரங்கள் ஒலிக்கவில்லை. மக்கள் ஏமாந்தனர்; இசை ஏமாற்றவில்லை.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் மர்மப் படம் ஒன்று பார்க்க நேருமாயின், ஒரு காட்சியில் ஒலியை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பின் அதே காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குற்றவாளி யார் என்பதை இசையமைப்பாளர் எந்த இடத்தில் உங்கள் காதில் போட்டுவிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.