புது லொறியும் போத்தல் மருந்தும்

கேள்வி: என் கணவர் ஆறு மாதங்களுக்கு முன்னர் புதிய டீசல் லொறியொன்றை இஜாரா முறையில் எடுத்தார். முற்பணத்துக்கு என் நகைகளை விற்றுக் கொடுத்தேன். தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறார். உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர், "டீசல் அடிக்கும்போதெல்லாம் இந்தப் போத்தலில் ஒன்றை ஊற்றுங்கள். பத்து வருடத்துக்கு எஞ்சின் பழுதாகாது, டீசலும் மிச்சமாகும்" என்று சத்தியம் பண்ணிச் சொன்னாராம். மாதத்துக்கு ஆறு போத்தல் போகிறது. இது வீண்செலவு என்று நான் சொன்னால், "லொறி மூலம்தானே அல்லாஹ் நமக்கு ரிஸ்க் தருகிறான், அதற்குச் செலவழிப்பது வீண்விரயமா?" என்று கோபிக்கிறார். மார்க்கம் என்ன சொல்கிறது?

– ஒரு சகோதரி, மாத்தளை மாவட்டம்

பதில்: 

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. அந்தப் போத்தல் எஞ்சினுக்கு நன்மை செய்யுமா என்பது ஒன்று. அதற்குக் காசு செலவழிப்பது ஆகுமா என்பது மற்றது. முதற் கேள்வி தெளிவாகாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது.

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனால் பயனேதும் இருக்கும் எனத் தாம் எண்ணவில்லை என்றார்கள். அவர்கள் அதை விட்டுவிட, விளைச்சல் குறைந்தது. அப்போது, இத்தகைய உலகக் காரியங்களில் அந்தத் தொழிலைச் செய்பவர்களே நன்கறிந்தவர்கள் என்பதை நபியவர்கள் உணர்த்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. லொறி விஷயத்தில் அறிந்தவர் யார்? முதலில் அதைச் செய்த கொம்பனி. அது சொல்ல வேண்டியதை லொறியுடன் தந்த வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அடுத்தவர் ஏஜன்டின் கராஜில் உள்ள மெக்கானிக். போத்தலை விற்பவர் அதற்குப் பின்னர்தான் வருகிறார். ஏனெனில் அவருடைய சொல்லில் அவருடைய இலாபமும் கலந்திருக்கிறது.

எஞ்சினுக்கு என்ன தேவை?

இக்கால டீசல் லொறிகளில் பெரும்பாலானவை 'கொமன் ரெயில்' முறையில் இயங்குபவை. லொறி டயருக்கு நாம் ஏற்றும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 7 அல்லது 8 பார். இந்த எஞ்சின்களின் இன்ஜெக்டர் டீசலைப் பீச்சும் அழுத்தமோ 1600 பாரையும் தாண்டிப் போகும். அதன் உள்ளே அசையும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிப்பை விடப் பல மடங்கு குறைவு. அவற்றுக்கு வழுக்கலைக் கொடுப்பதும் டீசல்தான். ஆகவே தண்ணீரும் தூசியும் கலப்படமுமே இவ்வெஞ்சினின் பெரிய எதிரிகள்.

போத்தல்களில் பல வகை உண்டு. சில இன்ஜெக்டரைக் கழுவுவதற்கு. சில டீசல் எளிதில் பற்றுவதற்கு. சில வழுக்கலைக் கூட்டுவதற்கு. தாங்கியின் அடியில் நிற்கும் தண்ணீரில் வளரும் கிருமிகளைக் கொல்வதற்கும் உண்டு. குளிரில் டீசல் மெழுகுபோல் உறையாமல் இருப்பதற்கும் உண்டு. இந்தக் கடைசி வகை பனி கொட்டும் நாடுகளுக்கானது. தம்புள்ளை வெயிலில் ஓடும் லொறிக்கு அதில் வேலையில்லை. கழுவும் வகை, அழுக்குப் படிந்த பழைய எஞ்சினுக்கு உதவக்கூடும். ஆறு மாத எஞ்சினில் கழுவுவதற்கு என்ன இருக்கிறது?

வழுக்கல் பற்றிய கதையில் உண்மை உண்டு. டீசலிலிருந்து கந்தகத்தை அகற்றும்போது அதன் இயல்பான வழுக்கலும் குறைகிறது. 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் தேய்ந்து போயின. அதன் பின்னர் அத்தகைய டீசலுக்கு வழுக்கல் தரும் பொருளை, விற்பனைக்கு வருமுன்னரே அளவாகச் சேர்க்கும் முறை ஏற்பட்டது. நோயாளிக்கு வைத்தியர் கொடுத்த மருந்தையே வீட்டிலும் இரண்டாம் தடவை கொடுப்பதில் என்ன பயன்?

எண்ணெய் மிச்சமாகும் என்ற வாக்குறுதியும் பழையது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்பட்ட 100க்கும் அதிகமான பொருட்களையும் கருவிகளையும் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்ததாக ஒன்றும் அகப்படவில்லை. டயரில் காற்று சரியாக இருப்பதும், எயார் பில்டர் சுத்தமாக இருப்பதும், நிற்கும்போது எஞ்சினை நிறுத்துவதும், நிதானமான வேகமுமே டீசலை மிச்சப்படுத்தும். இவற்றுக்குப் போத்தல் தேவையில்லை.

இன்னொரு விஷயம். உங்கள் லொறிக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும் என்று புத்தகம் சொன்னால், சுப்பர் டீசலைத்தான் அடிக்க வேண்டும். ஓட்டோ டீசலில் உள்ள கந்தகத்தை எந்தப் போத்தலும் எடுத்துவிடாது. மாதம் ஆறு போத்தல் என்றால் வருடத்துக்கு 72 போத்தல். அந்தக் காசை நல்ல டீசலுக்கும் உரிய நேரத்தில் பில்டர் மாற்றுவதற்கும் செலவழிப்பதே புத்தி. புகைபோக்கியில் கரியை வடிகட்டும் பில்டர் உள்ள லொறியானால் கூடுதல் கவனம் தேவை. உலோகம் கலந்த மருந்துகள் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதனை அடைத்துவிடும். 'அட்புளூ' என்பதோ டீசலில் கலக்கும் மருந்தே அல்ல. அது யூரியாக் கரைசல். அது தேவைப்படும் லொறிகளில் அதற்கென்று தனித் தாங்கி இருக்கும். அதை டீசல் தாங்கியில் ஊற்றினால் பெரும் சேதம்.

மார்க்கத்தின் பார்வை

அந்தப் போத்தல் ஹராமான பொருளல்ல. தேவை இருந்து, அறிந்தவர் சொன்னால் வாங்கலாம். லொறிக்குச் செலவழிப்பது வீண்விரயமல்ல என்று உங்கள் கணவர் சொல்வதும் சரியே. ஆனால் தேவையற்றதற்குச் செலவழிப்பது, எந்த நல்ல பெயரில் செய்தாலும், வீண்விரயம்தான். ஸூறதுல் இஸ்ராவின் 26, 27ஆம் வசனங்கள் அதை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை இருவரும் சேர்ந்து ஓதிப் பாருங்கள்.

இதைவிடப் பாரமான ஒரு விஷயம் உண்டு. லொறியை இஜாராவில் எடுத்திருக்கிறீர்கள். தவணைகள் முடிந்து உங்கள் பெயருக்கு மாறும்வரை அது நிதி நிறுவனத்தின் சொத்து. உங்கள் கணவர் கையில் அது அமானத். அமானத்தாக இருக்கும் பொருள் தானாகப் பழுதானால் வைத்திருப்பவர் மீது பொறுப்பில்லை. வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ அவரே பொறுப்பாளி என்பது ஃபிக்ஹின் சட்டம். செய்த கொம்பனி அனுமதிக்காத மருந்துகளைக் கலக்க வேண்டாம் என்று பல லொறிகளின் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. உங்கள் லொறியின் புத்தகத்திலும் அப்படி இருந்து, அதன்பின் இன்ஜெக்டர் பழுதானால், உத்தரவாதம் மறுக்கப்படலாம். நிறுவனத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரிடலாம். இன்ஜெக்டர்களின் விலை என்னவென்று கராஜ் பாஸிடம் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு சொல். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். வியாபாரத்தில் சத்தியம் செய்வது பொருளை விற்றுக் கொடுத்தாலும் பரக்கத்தை அழித்துவிடும் என்றும் ஹதீஸ் உண்டு. பத்து வருடத்துக்கு எஞ்சின் பழுதாகாது என்று சத்தியம் செய்ய யாருக்கு அறிவு இருக்கிறது? டீசலில் மண்ணெண்ணெய் கலந்து விற்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை அது டீசலை விட மிக மலிவாக இருந்தது. கலப்படத்துக்கு அது பெரிய ஆசையாகவும் இருந்தது. மண்ணெண்ணெய் கலந்தால் டீசலின் வழுக்கல் குறையும். கலந்தவர் சம்பாதிப்பார், பம்பைக் கழற்றி மாற்றுபவர் லொறிக்காரர்.

லொறியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதை நாம் கண்டிக்கிறோம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எதற்காக ஊற்றுகிறோம் என்று தெரியாமலே, ஊற்றினால் பயமில்லை என்று நம்பும் போத்தலும் மனத்தளவில் அதற்கு அண்மையில்தான் வந்துவிடுகிறது. காரணத்தை அறிந்து செய்துவிட்டு, முடிவை அல்லாஹ்விடம் விடுவதே தவக்குல்.

செய்ய வேண்டியவை

புத்தகத்தில் எரிபொருள் பற்றிய பகுதியை வாசியுங்கள். விளங்காவிட்டால் ஏஜன்டின் கராஜில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து தண்ணீரை வடிப்பதைப் புத்தகம் சொன்ன காலத்தில் தவறாமல் செய்யுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காலம் பார்க்காதீர்கள். வியாபாரம் நன்றாக நடக்கும் பெற்றோல் செட்டில் டீசல் அடித்து, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இரவில் தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். பீப்பாவில் நெடுநாள் கிடந்த டீசலைத் தவிருங்கள். இதுவரை ஊற்றியதால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. இனி வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வாங்கி மிஞ்சியதைக் கடைக்காரர் திருப்பி எடுத்தால் கொடுத்துவிடுங்கள்.

சகோதரியே, ஒரு பெண்ணின் நகை அவளுடைய சொந்தச் சொத்து. அதைக் கணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தீர்களா, கடனாகக் கொடுத்தீர்களா என்பதை இருவரும் பேசித் தெளிவாக்குங்கள். கடன் என்றால், ஸூறதுல் பகராவின் 282ஆம் வசனம் வழிகாட்டுவதுபோல் எழுதி வையுங்கள். எப்படியானாலும் அந்த லொறிக்காக நகையை விற்றவர் நீங்கள். அதைப் பற்றி உங்களிடம் ஆலோசிப்பது உங்கள் கணவருக்கு அழகு. நீங்களும் வீண்விரயம் என்ற சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசிப்போமா?" என்று கேளுங்கள். அவருடைய அக்கறையைப் பாராட்டிவிட்டுக் கேளுங்கள். லொறி பழுதாகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் அந்தப் போத்தல்களை வாங்குகிறார். தவணை கட்டும் மனிதனின் பயம் அது.

அல்லாஹ் உங்கள் வாகனத்திலும் ரிஸ்கிலும் குடும்பத்திலும் பரக்கத் செய்வானாக. ஒவ்வொரு பயணத்திலும் வாகனத்தில் ஏறும் துஆவை அவர் ஓத மறக்காதிருக்கட்டும்.