கண்மாய்ப் பாசனமும் கார்பன் கணக்கும்

காரைக்குடி வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி, “கார்பன் கிரெடிட்டுக்கு வட்டி எவ்வளவு?” என்பதாகும். கிரெடிட் என்றாலே கடன் என்று நமது சங்கங்களில் வழங்கிவிட்டபடியால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இது கடனன்று, ஒரு டன் கரியமில வாயு, அல்லது அதற்கீடான வேறு வாயு, ஆகாயத்தில் கலவாமல் தடுத்தமைக்கு அளிக்கப்படும் சான்று. புகை கக்கும் தொழில்கள் அதனை விலைக்கு வாங்குகின்றன.

நெல் வயலில் நீர் தேங்கி நிற்குங்கால் மண்ணில் மீத்தேன் வாயு உண்டாகிறது. கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு வெம்மையைத் தேக்கி வைப்பது அது. துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, நீர் மண்மட்டத்திற்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சினால் இவ்வாயு பெரிதும் குறையும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையைப் பரப்பி வருகிறது. மத்திய வேளாண் அமைச்சகமும் 2024 ஜனவரியில் விவசாயக் கார்பன் சந்தைக்கென ஒரு வரைமுறையை வெளியிட்டது.

நன்றே. ஆயின் சிவகங்கைச் சீமைக்கு இது பொருந்துமா? ஐ.நா. பருவநிலை அறிஞர் குழு 2019இல் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி, இடைவிடாது நீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 எனக் கொண்டால், பலமுறை வடித்துக் காயவிடும் வயலுக்கு 0.55, மானாவாரி நெல்லுக்கு 0.54, வறட்சி தாக்கும் மானாவாரிக்கு வெறும் 0.16. புழுதியில் விதைத்து வானத்தையும் கண்மாயையும் பார்த்திருக்கும் நம் குடியானவர் வயலில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? முன்னைவிடக் குறைத்தவனுக்கே பணம். என்றுமே சிக்கனமாயிருந்தவனுக்கு இல்லை. இதனை நாம் நியாயமென ஒப்பவில்லை.

கிணற்று நீரை எந்நேரமும் தேக்கி நெல் வைப்பவர்க்கு இடமுண்டு. தெற்காசியச் சராசரியைக் கொண்டு நாம் போட்டுப் பார்த்ததில், 110 நாள் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் அரை டன்தான் தேறுகிறது. அதிலும் அளப்பவர், சரிபார்ப்பவர், தரகர் ஆகியோர் பங்கு போக மிச்சமே விவசாயிக்கு. ஓர் ஏக்கர்க்காரர் தனித்துப் போவது வீண். பல நூறு ஏக்கரைச் சங்கம் ஒன்றாய்த் திரட்டினால் அச்செலவைத் தாங்கலாம்.

நாம் சென்ற சங்கம் ஒன்றில், யாரோ கொண்டுவந்த ஆங்கிலப் படிவங்களில் பட்டா எண்ணை எழுதிச் சிலர் கையொப்பமிட்டிருந்தனர். வரப்போரம் நடும் மரங்களை 20 ஆண்டு வெட்டலாகாது என்று அதில் கண்டிருந்ததை நாம் படித்துச் சொன்ன பின்னரே அவர்கள் அறிந்தனர். கூலி பேசாமல் நம் நெசவாளர் ஒரு கண்டாங்கிச் சேலைக்குப் பாவு பூட்டுவாரா? சான்று கிடைக்குமென்பதும் உறுதியன்று. சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை 2024இல் வெர்ரா என்னும் சான்று நிறுவனம் நிராகரித்தது.

ஆகவே அங்கத்தினர் எவரும் தனியே கையொப்பமிட வேண்டாம். படிவத்தின் தமிழ்ப் பிரதியைப் பேரவைக் கூட்டத்தில் படிக்கச் செய்யுங்கள். சான்று யார் பெயரில் நிற்கும், சரிபார்ப்புச் செலவு யாருடையது, பணம் எந்த மாதம் வரும், இடையில் விலகினால் தண்டம் உண்டா என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே தீர்மானம் போடுங்கள். மேற்சொன்ன சங்கத்தின் படிவங்கள் இன்னும் செயலாளர் மேசையில்தான் கிடக்கின்றன, அனுப்பப்படவில்லை.