சிதறுகாய்

ராத்திரி 11 மணிக்கு நண்பர் போன். "கொஞ்சம் பர்சனல் சார்..."

வெளியூரில் ஒரு சபல ராத்திரி. எட்டாம் நாள் 'அங்கே' நாலு கொப்புளம். டார்ச் அடித்துப் பார்த்தே பேட்டரி தீர்ந்துவிட்டதாம்!

"அக்கியா இருக்குமோ? குயவர்கிட்ட எழுதிக்கவா?"

"காவியைக் குழைச்சு... அங்கேயா?" என்று டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

கொப்புளத்து நீரைப் பரிசோதனைக்கு எடுத்தார். "ஹெர்ப்பிஸா இருக்கலாம். அக்கி வைரஸுக்குப் பங்காளி. மாத்திரைக்கு அடங்கும், ஆனா நரம்புல குடியிருந்து அப்பப்போ தலைகாட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் சம்சாரத்தை விட்டுத் தள்ளிப் படுங்க."

"என்ன காரணம் சொல்றது டாக்டர்?"

"அதுக்கு மருந்து இல்லை."

ரிசல்ட்டில் ஹெர்ப்பிஸ் இல்லை. மூன்று மாதம் கழித்து ரத்தமும் பார்க்கணுமாம். அதற்குள் பிள்ளையாருக்கு 108 சிதறுகாய் உடைத்துவிட்டார்.

"எதுக்குங்க இத்தனை?" என்று மனைவி கேட்டாராம்.

இன்னும் பதில் சொல்லவில்லை.