'ம' என்றொரு கையெழுத்து

மைசூரிலிருந்து பன்னூர் வழியாக சோமநாதபுரம் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வழியெல்லாம் நெல்லும் கரும்பும் மாறி மாறி வரும் காவிரிப் பாசன பூமி. ஊர் சிறியது. கோயிலும் தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதமாகத் தெரிவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய தமிழருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட ஏற்படலாம். இவ்வளவுதானா?

வாசலைத் தாண்டியதும் அந்தக் கேள்வி மறந்துபோகும். நட்சத்திர வடிவில் மடிந்து மடிந்து செல்லும் மேடை. அதன் மேல் அதே மடிப்புகளோடு எழும் மூன்று கருவறைகள். சுவரின் அடிப்பகுதியில் வரிசை வரிசையாக யானைகள், குதிரை வீரர்கள், கொடிகள், புராணக் காட்சிகள், மகரங்கள், அன்னங்கள். அவற்றுக்கு மேலே சுவரைச் சுற்றி 194 பெரிய சிற்பங்கள். மேடையின் மீது வலமாக நடந்தால் முதலில் ராமாயணம், பின்பக்கம் கண்ணன் கதை, திரும்பி வரும்போது மகாபாரதம். ஒரு சுற்றில் மூன்று நூல்களையும் படித்து முடித்துவிடலாம்.

இந்தக் கேசவர் கோயிலில் வழக்கமான ஒரு விஷயம் மட்டும் இல்லை. வழிபாடு. மூன்று சன்னதிகளில் நடுவிலிருந்த கேசவரின் மூலச் சிலை காணாமல் போய்விட்டது. இப்போது அங்கே நிற்பது பிற்காலத்து மாற்று. பின்னமான மூர்த்திக்குப் பூசை கிடையாது என்பது ஆகம மரபு. சிலைகள் சிதைந்ததோடு மணியோசையும் நின்றது. பிராகாரத்தைச் சுற்றியுள்ள 64 சிற்றறைகளும் காலி. கற்பூர வாசனை இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை, சிறப்பு தரிசன வரிசை இல்லை. வருகிறவர்கள் கல்லைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டிகள் காட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. கடைசல் பிடித்ததுபோல் வழவழவென்று உருண்ட தூண்கள். கூரையில் கவிழ்ந்து தொங்கும் வாழைப்பூ. விரல் நுழையாத இடைவெளிகளில் குடையப்பட்ட நகைகள். கல்லில் எப்படி இது சாத்தியம் என்ற கேள்விக்கும் விடை தயாராக இருக்கிறது. கல்சட்டி செய்யும் மாக்கல்லுக்கு உறவான கல் இது. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் நாளடைவில் இறுகிவிடும். கிரானைட்டில் நினைத்துப் பார்க்க முடியாத நுணுக்கம் இதில் கைகூடும்.

எல்லோரும் சிலைகளின் முகத்தைப் பார்க்கிறார்கள். கை முத்திரைகளைப் பார்க்கிறார்கள். பலரும் பார்க்காமல் நகர்ந்துவிடும் இடம் ஒன்று உண்டு. சிலையின் காலடியில் உள்ள பீடம். அங்கே சில இடங்களில் பழங்கன்னட எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை மன்னனின் மெய்க்கீர்த்தியும் அல்ல, கடவுளின் திருநாமமும் அல்ல. செதுக்கியவர்களின் பெயர்கள்.

மசணிதம்மா, சாமேயா, ராமேயா, சௌடேயா, நஞ்சேயா என்று பலர். அவர்களில் முதன்மையானவர் மல்லிதம்மா. தமிழ்க் காதுக்கு இது பெண்ணின் பெயர்போல ஒலிக்கும். ஆனால் கன்னடத்தில் 'தம்மா' என்றால் தம்பி. ஆக, இவர் மல்லித்தம்பி. அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மாச்சார் இந்தக் கோயிலைப் பற்றி 1917இல் தனி நூலே வெளியிட்டார். சுமார் 40 சிலைகள் மல்லிதம்மாவின் கைவண்ணம் என்பது பீடங்களில் உள்ள பெயர்களிலிருந்து தெரியவருகிறது. மல்லிதம்மா சில இடங்களில் 'மல்லி' என்று சுருக்கிக்கொள்வார். இன்னும் அவசரமாக இருந்தால் வெறும் 'ம'. அலுவலகக் கோப்பின் ஓரத்தில் போடுகிற சுருக்கொப்பம்போல.

பேலூரில் நிலைமை வேறு. அங்குள்ள சென்னகேசவர் கோயில் 1117இல் விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்தது. அதன் சிற்பிகள் அடக்கத்துக்குப் பேர்போனவர்கள் அல்ல. பள்ளிகாவியிலிருந்து வந்த தாசோஜா, அவருடைய மகன் சாவணன் போன்றவர்கள் ஊர், தந்தை பெயர் ஆகியவற்றோடு பட்டங்களையும் சேர்த்தே பொறித்துக்கொண்டார்கள். போட்டிச் சிற்பிகளைத் தோற்கடித்தவர் என்ற தோரணையில் அமைந்த பட்டங்கள். மன்னர்கள் எதிரிகளைப் பற்றிப் பேசுகிற மொழியில் உளிக்காரர்களும் பேசியிருக்கிறார்கள். சுமார் 140 ஆண்டுகள் கழித்து வந்த மல்லிதம்மாவுக்கு ஓர் எழுத்தே போதுமானதாக இருந்திருக்கிறது.

அதற்குக் காரணம் அனுபவமாகவும் இருக்கலாம். சிக்கமகளூர் மாவட்டத்து அம்ருதபுரத்தில் 1196இல் எழுந்த அம்ருதேஸ்வரர் கோயிலில் மல்லிதம்மாவின் பெயர் தென்படுகிறது. ஹாசன் மாவட்டத்து நுக்கேஹள்ளியில் 1246இல் கட்டப்பட்ட லட்சுமி நரசிம்மர் கோயிலிலும் இருக்கிறது. சோமநாதபுரம் கோயிலின் காலம் 1258. எல்லாம் ஒரே ஆள் என்று கொண்டால், 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில் வாழ்க்கை. இளைஞராகத் தொடங்கியவர் தாத்தாவாக சோமநாதபுரத்தில் உளி பிடித்திருக்கிறார். அந்த வயதில் பட்டம் எதற்கு?

அல்லது விஷயம் இன்னும் சாதாரணமாக இருக்கலாம். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்த களம் அது. யார் எத்தனை சிலை முடித்தார் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கவும் பெயர் பயன்பட்டிருக்கும். புகழுக்காகவோ, கூலிக்காகவோ, பெயர் கல்லில் ஏறிவிட்டது. கடவுளின் காலடியிலேயே ஒரு தொழிலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

கோயிலைக் கட்டுவித்தவரின் பெயருக்கும் குறைவில்லை. ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதியான சோம தண்டநாயகன் இங்கே ஓர் அக்ரகாரத்தை நிறுவி அதற்குத் தன் பெயரையே வைத்தார். வாசலில் நிற்கும் கல்வெட்டு அந்தப் பெருமையை விரிவாகச் சொல்கிறது. தமிழகத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. நரசிம்மனின் தந்தை சோமேஸ்வரன் ஸ்ரீரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரிலிருந்து ஆட்சி செய்தவர். அவருடைய மகன்கள் காலத்தில் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு, தமிழ்ப் பகுதிகள் ராமநாதனுக்கு. அரசு பங்கு போடப்பட்ட காலத்தில்தான் இங்கே கல்லில் வாழைப்பூ மலர்ந்தது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹொய்சள ராஜ்யமே இல்லாமல் போயிற்று.

தமிழகக் கோயில்களில் பெயர்களுக்குப் பஞ்சமா? இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையோடு பதிவு செய்திருக்கின்றன. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் உண்டு. கணக்கு எழுதுவதில் ராஜராஜனை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் வாசலில் விரல் உயர்த்தி மிரட்டும் அந்தப் பிரம்மாண்டமான துவாரபாலகரைச் செதுக்கியவர் இவர்தான் என்று காட்ட அவர் காலடியில் ஒரு 'ம' இல்லை. அது அரசு எழுதிய பட்டியல். சோமநாதபுரத்தில் இருப்பது கைக்குச் சொந்தக்காரர் தாமே போட்ட ஒப்பம்.

வித்தியாசத்தை உணர அதிக தூரம் போக வேண்டாம். இன்றைக்கு நம் ஊர்களில் பேருந்து நிழற்குடை கட்டினால்கூட அதில் ஒரு கல் பதிக்கப்படுகிறது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று அதில் இடம்பெறாத பிரமுகரே இருக்க முடியாது. செங்கல் அடுக்கிய கொத்தனாரின் பெயர் மட்டும் இருக்காது. அந்தக் கல்லைப் பொறித்தவரின் பெயரும் இருக்காது. 13ஆம் நூற்றாண்டு எல்லா வகையிலும் நம்மைவிட மேலானது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சோம தண்டநாயகனின் வாசலில் இருந்த தாராளம் நம் வாசல்களில் இல்லை.

பெயர் எழுதுகிற ஆசை மட்டும் நமக்குக் குறையவில்லை. பழைய கோயில், கோட்டை எதுவானாலும் சுவரில் அம்பு தைத்த இதயங்களையும் ஆணியால் கீறிய பெயர்களையும் காணலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு கைகளும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: கல்லில் பெயர் எழுதுகின்றன. ஆனால் ஒன்று சிலையைச் செய்து முடித்துவிட்டு எழுதியது. மற்றது செய்தவரின் வேலை மீதே எழுதுகிறது.

பேலூர், ஹளேபீடு கோயில்களோடு சோமநாதபுரமும் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. கூட்டம் கூடும். செல்பேசிகள் உயரும். தொட்டுப் பார்க்கும் விரல்களும் கூடும். இறுகிய கல்லானாலும் மாக்கல் மாக்கல்தான். ஆயிரம் பேர் தடவினால் சிலைகளின் மூக்கு மழுங்கும். பீடத்து எழுத்து அதற்கு முன்பே மழுங்கிவிடும், அது அவ்வளவு சிறியது.

மாலையில் காவலர் விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றும் நேரத்தில் சாய்ந்த வெயில் மேற்குச் சுவரின் கீழ்வரிசை வரை இறங்குகிறது. நேர் வெயிலில் தட்டையாகத் தெரிந்த பள்ளங்களில் அப்போது நிழல் விழும். எழுத்துகளைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். மூலவரே இல்லாத கோயிலில் குனிந்து பார்க்க ஒரு பெயர் இருக்கிறது.